வாணம் கண்ட கப்பலின் தலைவர்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பின்னிரவில், டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் வட அட்லாண்டிக் கடலில் மூழ்கிய வரலாற்றை அறியாதார் இலர். அதில் சென்றோர் ஏறத்தாழ 2,200 பேர்; உயிர் தப்பியோர் 700 பேர் அளவே. அதன் தலைவர் எட்வர்டு ஸ்மித்தைப் பற்றியும், அதனை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸைப் பற்றியும், கடைசி வரையில் இசை முழக்கிய இசைவாணர்களைப் பற்றியும் பலர் பலவாறு எழுதியுள்ளனர். ஆனால், அக்கப்பலில் காலடியே வைக்காத ஒருவருடைய வாழ்வும் அதனோடு சேர்ந்து அமிழ்ந்தது. அவர் அன்றிரவு இறக்கவில்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். வாழ்ந்த அத்தனை ஆண்டுகளும் ஒரே ஓர் இரவின் நிழல் அவரைத் தொடர்ந்தது. அவரே கலிபோர்னியன் என்னும் சரக்குக் கப்பலின் தலைவராயிருந்த ஸ்டான்லி லார்ட்.

டைட்டானிக்கைக் குறித்து விடை காணாத வினாக்கள் பல உள. பனிக்கட்டியைப் பற்றிய எச்சரிக்கைகள் வந்த பின்னும் வேகம் ஏன் குறைக்கப்படவில்லை? உயிர்காப்புப் படகுகளிற் பல ஏன் நிரம்பாமலே இறக்கப்பட்டன? மூழ்கும் கப்பலிலிருந்து பலர் கண்ட விளக்கொளி எந்தக் கப்பலுடையது? இவற்றுள் இறுதி வினாவே லார்டின் வாழ்க்கையாயிற்று.

இளமையும் உயர்வும்

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த போல்ட்டன் நகரில், 1877ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஸ்டான்லி லார்ட் பிறந்தார். போல்ட்டன் நெசவாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே பிறந்த சிறுவர் ஆலைக்குச் செல்வதே இயல்பு. லார்டின் உள்ளமோ கடலை நாடிற்று. 1891ஆம் ஆண்டில், பதின்மூன்று வயது நிரம்பிய பருவத்தில், பாய்மரக் கப்பல் ஒன்றில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தார்.

அக்காலத்துப் பாய்மரக் கப்பல் இரக்கமற்றதோர் ஆசிரியர். காற்றையும் அலையையும் மட்டுமன்றிப் பசியையும் உறக்கமின்மையையும் அது கற்பித்தது. அப்பள்ளியில் தேறிய லார்ட், பின்னர் நீராவிக் கப்பல்களுக்கு மாறினார். இருபத்து மூன்றாம் வயதிலேயே கப்பல் தலைவருக்குரிய சான்றிதழையும், அதனினும் மேம்பட்ட சிறப்புச் சான்றிதழையும் பெற்றார். அவ்வயதில் இவ்விரண்டையும் பெறுதல் அரிது. 1906ஆம் ஆண்டில், லேலண்டு கப்பல் நிறுவனம் அவரிடம் ஒரு கப்பலையே ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

உயர்ந்து மெலிந்த தோற்றமும், அளந்து பேசும் இயல்பும், கண்டிப்பும் உடையவர் லார்ட். 1911ஆம் ஆண்டில் அவர் கலிபோர்னியன் கப்பலுக்குத் தலைவரானார். 6,223 டன் அளவுள்ள அக்கப்பல் 1901இல் கட்டப்பட்டது. பருத்திப் பொதிகளை ஏற்றிச் செல்வதே அதன் முதன்மையான தொழில். 46,000 டன்னுக்கு மேற்பட்ட டைட்டானிக்கின் முன் அது மாளிகையின் முன் நிற்கும் குடிலைப் போன்றது. 1912 ஏப்ரல் 5ஆம் நாள், பயணிகள் எவருமின்றி, லிவர்ப்பூலிலிருந்து பாஸ்டனை நோக்கி அது புறப்பட்டது.

பனிக்கடலில் ஓர் இரவு

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 10 மணி 20 நிமிட அளவில், தம் கப்பலுக்கு முன்னே கடலை மறைத்துப் பரந்து கிடந்த பனிக்கட்டிப் பரப்பை லார்ட் கண்டார். உடனே பொறிகளை நிறுத்தச் செய்தார். இரவில் பனியினூடே செல்லுதல் தகாது, விடிந்தபின் வழி காண்போம் என்று முடிவு செய்தார். அதே கடலில், அதே இரவில், டைட்டானிக் மணிக்கு இருபது கடல் மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைந்து கொண்டிருந்தது. முன்னெச்சரிக்கையில் அன்றிரவு சிறந்து நின்றவர் லார்டே என்பதை மறுத்தல் இயலாது.

இரவு 11 மணி அளவில் கிழக்கிலிருந்து ஒரு கப்பலின் ஒளி நெருங்குவது தெரிந்தது. அருகில் எந்தக் கப்பல் உள்ளது என்று லார்ட் தம் கம்பியில்லாத் தந்தியாளர் சிரில் எவன்ஸைக் கேட்டார். டைட்டானிக் ஒன்றே என்றார் எவன்ஸ். தாம் பனியால் சூழப்பட்டு நிற்பதை அதற்கு அறிவிக்குமாறு லார்ட் பணித்தார். எவன்ஸ் செய்தியைத் தொடங்கினார். பயணிகளின் தந்திகளைக் கரைநிலையத்துக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ், குறுக்கே வந்த அவரை வாயடக்கினார். அச்செய்தி முழுமை பெறவில்லை. எவன்ஸ் அக்கப்பலின் ஒரே தந்தியாளர். விடியற்காலை முதல் உழைத்தவர். சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, 11.30 மணிக்குக் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். பத்து நிமிடம் கழிந்தது. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

நள்ளிரவில் காவல் மாறிற்று. இரண்டாம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோன் காவல் மேடைக்கு வந்தார். பயிற்சி மாலுமி ஜேம்ஸ் கிப்சன் அவருக்குத் துணை. லார்ட் வரைபட அறையிலிருந்த சாய்விருக்கையில், உடுத்த உடையோடு படுத்தார். தெற்கே தெரிந்த அந்நியக் கப்பலை நோக்கி மோர்ஸ் விளக்கால் பன்முறை அழைத்தும் மறுமொழி வரவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னர், அந்தத் திசையில் வெள்ளை வாணம் ஒன்று எழுந்து விண்மீன்களாய்ச் சிதறியது. பிறகு மற்றொன்று, பிறகும் ஒன்று. ஐந்து வாணங்களைக் கண்டபின், 1.15 மணி அளவில் ஸ்டோன் பேச்சுக்குழாய் வழியே தலைவருக்கு அறிவித்தார். அவை கப்பல் நிறுவனங்கள் தம்மை அடையாளங் காட்டும் குறிகளா என்று லார்ட் வினவினார். தெரியாது, எல்லாம் வெள்ளையாகவே உள்ளன என்றார் ஸ்டோன். மீண்டும் மோர்ஸ் விளக்கால் அழைக்குமாறும், மறுமொழி வந்தால் கிப்சனை அனுப்புமாறும் லார்ட் கட்டளையிட்டார். பின்னர் உறங்கிவிட்டார்.

மேலும் மூன்று வாணங்கள் எழுந்தன, ஆக எட்டு. மேடையில் நின்ற இருவரும் தமக்குள் பேசிக் கொண்டனர். காரணமின்றி எந்தக் கப்பலும் நடுக்கடலில் வாணம் விடாது என்று அவர்களுக்கே தோன்றிற்று. அக்கப்பலின் விளக்குகள் ஏதோ விந்தையாய்ச் சாய்ந்து தெரிவதாகவும் கண்டனர். 2 மணிக்குப் பின் ஒளி மறைந்தது. கிப்சன் கீழே சென்று, எட்டு வாணங்கள் விடப்பட்டதையும் கப்பல் தென்மேற்கில் மறைந்ததையும் தலைவரிடம் சொன்னார். அரைத் தூக்கத்தில் இருந்த லார்ட் வாணத்தின் நிறத்தைக் கேட்டதாகக் கிப்சன் பின்னர்க் கூறினார். யாரோ கதவைத் திறந்து மூடியதொன்றே நினைவில் நின்றது என்றார் லார்ட். டைட்டானிக் மூழ்கியது 2.20 மணிக்கு.

விடியற்காலை 4 மணிக்குக் காவலேற்ற முதல் அதிகாரி ஜார்ஜ் ஸ்டூவர்ட், இரவு நிகழ்ந்ததைக் கேட்டு உள்ளம் கலங்கினார். 5.30 மணி அளவில் எவன்ஸ் எழுப்பப்பட்டார். அவர் கருவியைக் காதில் பொருத்திய சில நிமிடங்களில் உண்மை வெளிப்பட்டது. செய்தி அறிந்ததும் லார்ட் தயங்கவில்லை. 6 மணிக்குப் பனிக்கட்டிகளை ஊடுருவிக் கப்பலைச் செலுத்தினார். 8.30 மணி அளவில் அவர் சென்றடைந்தபோது, கார்ப்பேத்தியா என்னும் கப்பல் படகுகளில் இருந்தோரை ஏற்றி முடித்திருந்தது. அதன் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரன், நள்ளிரவில் அபயக்குரல் கேட்டவுடன் 58 கடல் மைல் தொலைவு என்று கணித்து, பனிப்பாறைகளினூடே இருளில் விரைந்து வந்தவர். லார்டுக்கு எஞ்சியவை மிதக்கும் மரத்துண்டுகளே.

விசாரணையும் பழியும்

கலிபோர்னியன் ஏப்ரல் 19ஆம் நாள் பாஸ்டனை அடைந்தது. கப்பலின் நாட்குறிப்பில் வாணங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகையாளரிடமும் லார்ட் அதனைச் சொல்லவில்லை. இம்மௌனமே அவருக்குப் பெருந்தீங்காய் முடிந்தது. பொறியறைத் தொழிலாளர்களுள் ஒருவரான எர்னஸ்ட் கில் என்பவர், தாம் வாணங்களைக் கண்டதாகப் பாஸ்டன் நாளிதழ் ஒன்றுக்கு 500 டாலர் பெற்றுக்கொண்டு வாக்குமூலம் அளித்தார். நாடெங்கும் சினம் மூண்டது. அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழு லார்டை அழைத்தது.

பிறகு லண்டனில் மெர்சி பிரபுவின் தலைமையில் விசாரணை மன்றம் கூடிற்று. மே 14ஆம் நாள் லார்ட் சாட்சியாக நின்றார். அவர் சாட்சி மட்டுமே. குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர். ஆதலின், தம்மைத் தற்காத்துக்கொள்ளவோ பிற சாட்சிகளைக் குறுக்கு வினாவவோ அவருக்கு இடமில்லை. ஆனால் ஜூலை 30ஆம் நாள் வெளிவந்த அறிக்கை அவரைக் குற்றவாளியாகவே தீர்த்துரைத்தது. கலிபோர்னியன் எட்டு முதல் பத்துக் கடல் மைல் தொலைவில்தான் நின்றது, அதிலிருந்து காணப்பட்ட கப்பல் டைட்டானிக்கே, வாணம் கண்டபோதே சென்றிருந்தால் உயிரிழந்தோர் பலரை, ஒருவேளை அனைவரையுமே காத்திருக்கலாம் என்பது அதன் முடிவு.

ஆயினும் அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை; சான்றிதழும் பறிக்கப்படவில்லை. இது சலுகை போல் தோன்றும். உண்மையில் இதுவே அவருக்குப் பூட்டிய விலங்கு. தண்டனை இல்லாத இடத்தில் மேல்முறையீடும் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு உயிர்களின் பழியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அதனை இறக்கி வைக்கும் வாயிலையும் சட்டம் அடைத்துவிட்டது.

ஆகஸ்டு திங்களில் லேலண்டு நிறுவனத்தில் அவர் பதவி போயிற்று. ஆனால் கடலோடிகளிடையே அவர் திறமை அறியப்பட்டிருந்தது. 1913இல் மற்றொரு கப்பல் நிறுவனம் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரின் ஆபத்து மிகுந்த ஆண்டுகளிலும் கடலில் பணியாற்றி, 1927ஆம் ஆண்டில் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். கலிபோர்னியன் கப்பலோ 1915 நவம்பரில் கிரேக்க நாட்டுக்கு அருகே நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிவிட்டது.

முதுமையில் எழுந்த குரல்

ஓய்வு பெற்ற லார்ட், லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி நகரில் அமைதியாக வாழ்ந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1955இல் டைட்டானிக்கைப் பற்றிய நூலொன்று பெரும்புகழ் பெற்றது. 1958இல் அதே நூல் திரைப்படமாயிற்று. அதில் வாணங்களைப் பொருட்படுத்தாது உறங்கும் கப்பல் தலைவராகத் தாம் சித்திரிக்கப்பட்டிருப்பதை எண்பது வயது கடந்த அம்முதியவர் அறிந்தார். ஊர்தோறும் மக்கள் அதனைக் கண்டு, தம் பெயரை இகழ்வதை உணர்ந்தார்.

லிவர்ப்பூலில் கப்பல் அதிகாரிகள் சங்கத்தின் செயலாளராக இருந்த லெஸ்லி ஹாரிசனை நாடித் தம் வழக்கைச் சொன்னார். 1959இல் சத்தியப் பிரமாணமாக வாக்குமூலமும் எழுதினார். தம் கப்பல் நின்ற இடம், டைட்டானிக் அறிவித்த இடத்துக்கு ஏறத்தாழ இருபது கடல் மைல் தொலைவு. இரு கப்பல்களுக்கும் இடையே வேறொரு கப்பல் நின்றிருத்தல் வேண்டும். அதனையே தாம் கண்டோம், டைட்டானிக்கில் இருந்தோரும் அதனையே கண்டனர். இதுவே அவர் இறுதிவரை மாற்றாத கூற்று. 1962ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். அவர் சார்பில் 1965இலும் 1968இலும் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களை அரசு தள்ளிவிட்டது.

கடலடி தந்த விடை

1985 செப்டம்பரில், கடலின் அடியில் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் டைட்டானிக் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிடந்த இடம், அன்றிரவு அபயக்குரலில் அறிவிக்கப்பட்ட இடமன்று. அதற்குப் பதின்மூன்று கடல் மைல் அளவு கிழக்கே இருந்தது. ஆகவே பழைய கணக்குகள் யாவும் நிலைகுலைந்தன. இங்கிலாந்து அரசின் கடல் விபத்து ஆய்வுத் துறை மீண்டும் ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது.

அவ்வறிக்கைக்குள்ளேயே இரு கருத்துகள் நின்றன. முதலில் ஆராய்ந்தவர், இரு கப்பல்களுக்கும் இடைவெளி ஐந்து முதல் ஏழு கடல் மைல் என்றும், கண்டது டைட்டானிக்கே என்றும் கருதினார். மறுபடி ஆராய்ந்த துணைத் தலைமை அதிகாரியோ, இடைவெளி பதினேழு முதல் இருபது கடல் மைல் என்றும், டைட்டானிக்கை நேரே கண்டிருத்தல் அரிது என்றும் கொண்டார். ஆயினும் இரண்டு செய்திகளில் ஐயம் எஞ்சவில்லை. ஒன்று: கலிபோர்னியன் கண்ட வாணங்கள் டைட்டானிக்கின் வாணங்களே, அவற்றுக்குத் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. மற்றொன்று: எடுத்திருப்பினும், டைட்டானிக் மூழ்கி நெடுநேரம் சென்ற பின்னரே கலிபோர்னியன் சென்றடைந்திருக்கும்.

இவ்விரண்டும் சேர்ந்து லார்டைப் பாதி விடுவிக்கின்றன, பாதி பிணிக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு உயிர்களை அவர் கொன்றார் என்னும் பழி நீங்கிற்று. வாணத்தைக் கண்டும் வாளா இருந்த கப்பல் என்னும் பெயர் நீங்கவில்லை.

இன்னும் விடையறியா வினாக்கள்

மேடையில் நின்றோர் கண்ட கப்பல், தன் திசையை மாற்றித் தென்மேற்கே சென்றதாக ஸ்டோன் உறுதியாய்ச் சொன்னார். பனிப்பாறையில் மோதிய டைட்டானிக்கோ நகரும் நிலையில் இல்லை. அவ்வாறே, டைட்டானிக்கில் இருந்தோர் ஒரு கப்பல் தம்மை நோக்கி வந்து பின் விலகியதாகக் கண்டனர். கலிபோர்னியனோ இரவு முழுவதும் பொறி நிறுத்தி மிதந்து கொண்டிருந்தது. மூன்றாவது கப்பல் ஒன்று இருந்ததெனின், அதன் பெயர் என்ன? நார்வே நாட்டின் சீல் வேட்டைக் கப்பலென்றும், வேறு கப்பலென்றும் சிலர் பெயர் கூறினர், எதுவும் நிலைநாட்டப்படவில்லை. குளிர்ந்த கடலின்மேல் ஒளி வளைந்து செல்லும் இயல்பால் இரு சாராரும் மயங்கியிருக்கலாம் என்பாரும் உளர்.

மறுபுறத்தில், டைட்டானிக் விட்ட வாணங்களும் ஏறத்தாழ எட்டு. ஸ்டோனும் கிப்சனும் கண்டவையும் எட்டு. டைட்டானிக் மூழ்கிய நேரமும் அந்நியக் கப்பலின் ஒளி மறைந்த நேரமும் ஏறக்குறைய ஒன்று. இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்குவது எளிதன்று.

கடல் மைல் கணக்கில் அறிஞர் பலர் வாழ்நாளைச் செலவிட்டுள்ளனர். ஆனால், எந்த வரைபடமும் தீர்க்க இயலாத வினா வேறொன்று உண்டு. அக்காலக் கடல் விதிகளின்படி, சிறுசிறு இடைவெளியில் ஒவ்வொன்றாக விடப்படும் வாணம், எந்நிறத்ததாயினும், அபாயக் குறியே. தலைவர் அதனை அறிவார், அதிகாரியும் அறிவார். ஐயத்தைத் தீர்க்கும் கருவி அதே கப்பலில் இருந்தது. அதனை இயக்கத் தெரிந்த இளைஞர் சில அடி தொலைவில் உறங்கிக் கொண்டிருந்தார். அவர் கதவை ஏன் எவரும் தட்டவில்லை? தலைவர் ஏன் படியேறி வந்து ஒருமுறை பார்க்கவில்லை? தலைவரை மீண்டும் எழுப்புவதற்கு ஸ்டோன் அஞ்சினாரா? தலைவர், மேலே நிற்பவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணினார். மேலே நின்றவர், தலைவரிடம் சொல்லிவிட்டோம் என்று அமைந்தார். இருவருக்கும் நடுவே பொறுப்பு நழுவிக் கடலில் விழுந்தது.

இப்பிழையிலிருந்து உலகம் பாடம் கற்றது. பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் தந்திக் கருவிக்கருகே ஆள் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கா 1912இலேயே சட்டம் இயற்றிற்று. 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான அனைத்து நாட்டு உடன்படிக்கையும், கடலில் உயிர் காக்கும் விதிகளை வகுத்தது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்கவும் ஏற்பாடு செய்தது. எவன்ஸ் உறங்கிய அந்த ஆறு மணி நேரம் இன்று எந்தப் பெருங்கப்பலிலும் இராது.

ஸ்டான்லி லார்ட் கொடியவர் அல்லர், கோழையும் அல்லர். ஆபத்து என்று தெரிந்தவுடன் பனிக்கட்டிகளின் நடுவே கப்பலைச் செலுத்தியவர் அவரே. அவர் குறை, தெளிவு பிறக்கும் வரையில் காத்திருக்கலாம் என்று எண்ணியது. பிறருடைய துன்பம் பெரும்பாலும் தெளிவாக வருவதில்லை. தொலைவில் ஓர் ஒளியாகவும் புரியாத ஓசையாகவுமே வருகிறது. உற்றார் ஊரில் இருக்க, அயல் நகரில் குடியமர்ந்து, சுவருக்குச் சுவர் அடுத்த வீட்டாரையே துணையாகக் கொண்டு வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. நள்ளிரவில் அடுத்த வீட்டில் விளக்கெரிந்தால், எழுந்து சென்று ஒருமுறை கேட்பதில் இழப்பு ஏதுமில்லை. கேட்காமல் விட்ட ஒரு வினாவுக்கு விடை தேடியே ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகளைக் கழித்தார்.